குறட்டைக்கு ஆள் தேவை

– ‘அனுப்புநர்’ எழுதியாச்சு. அடுத்து, கூடிப் பேசினவங்க. அண்ணன், தையல்காரர், முன்னறையில மிஷினுக்குப் பக்கத்துக் கட்டில்ல. அண்ணி, அடுக்களை வாசல்ல. எழுதிக் கொடுக்கிற தங்கச்சி நான், துணி வெட்டுற மேசையில.

– பாப்பா, ஆஸ்பத்திரிக்குக் கடுதாசி எழுதுறியா, கோர்ட்டுக்குச் சாட்சி எழுதுறியா? யாரு எங்க உட்கார்ந்தா டாக்டருக்கு என்ன?

– நாளைக்கு ‘யாரைக் கேட்டு எழுதினே’ன்னு நீதான்ணே குதிப்பே. எதுக்கும் ஒரு முறை இருக்கு.

– குறட்டை விடுறவனுக்குத்தானே அந்த ஆராய்ச்சி? நான்தான் விடுறதே இல்லையே.

– ஏங்க, ராத்திரித் தூக்கம் சரியில்லாம, போன வாரம் பட்டப்பகல்ல மிஷின் மேலயே தூங்கி வழிஞ்சு, ஒரு சட்டைக்கு மூணு கை வெச்சுத் தச்சது யாரு?

– அது... துணி மிச்சமிருந்துச்சு.

– சிரிக்காதீங்க அண்ணி, எனக்கும் சிரிப்பு வந்து எழுத்து கோணுது. வரிசையா வருவோம். ஆராய்ச்சிக்கு ஆள் கேட்டு ஆஸ்பத்திரியில போட்ட நோட்டீஸ்ல இருக்கிறதைச் சொல்றேன், கேளுண்ணே. குறட்டைக்கு நடுவுல மூச்சு நின்னு நின்னு வர்றவங்க வேணுமாம். தூங்கப் போறப்ப பல்லுல ஒரு கவசம் மாட்டிக்கணும். அது கீழ்த்தாடையை லேசா முன்னால இழுத்துப் பிடிக்கும், தொண்டை அடைக்காது. நெசமாவே அது உதவுதான்னுதான் பாக்குறாங்க.

– பாக்கட்டும். என் தாடையிலதான் பாக்கணுமா?

– பாதிப் பேருக்கு அந்தக் கவசம். மீதிப் பேருக்குக் கொடுக்கிறது பார்வைக்கு அதே மாதிரி இருக்கும், ஆனா தாடையை இழுக்காது. சீட்டுக் குலுக்குற மாதிரிதான். யாருக்கு எதுன்னு உனக்கும் தெரியாது, பலனைப் பாத்துச் சொல்ற டாக்டருக்கும் தெரியாது.

– அடப்பாவிகளா, டூப்ளிகேட்டா! சட்டைன்னு சொல்லி நான் வெறும் பட்டன் ஓட்டைக்குக் காஜா மட்டும் தச்சுக் கொடுத்தா விட்டுடுவாங்களா?

– எதுன்னு தெரிஞ்சுட்டா, ஆசையில ‘நல்லாருக்கு’ன்னு நாமளே சொல்லிடுவோம்ல, அதனாலதான். முதல்ல சோதிச்சுப் பாப்பாங்க. மூச்சு ரொம்ப நிக்குதுன்னா ஆராய்ச்சியில சேக்காம நேரா வைத்தியத்துக்கே அனுப்பிடுவாங்க. தாடை கொஞ்சம் வலிக்கலாம், அதையும் மறைக்காமப் போட்டிருக்காங்க. பிடிக்கலைன்னா பாதியிலயே வந்துடலாம். ஏன்னு ஒரு கேள்வி கிடையாது.

– ஒத்துக்கோங்களேன். எந்தக் கவசம் வந்தா என்ன? உங்க மூச்சை விவரம் தெரிஞ்ச ஒருத்தர் பாத்துட்டார்னா எனக்கு அது போதும், நிம்மதி.

– உனக்கென்ன நிம்மதிக்குக் குறைச்சல்? ரெண்டு வருஷமா என்னை இந்தக் கட்டிலுக்குத் தள்ளிவிட்டுட்டு, உள்ளறையில கதவைச் சாத்திக்கிட்டு மகராணி மாதிரி தூங்குறே!

– சண்டை அப்புறம். கடைசி நிபந்தனை இருக்கு. சேர்றவரோட ஒரே அறையில படுக்கிற ஒருத்தர், ராத்திரி எப்படி இருந்துச்சுன்னு தினம் காலையில குறிச்சுக் கொடுக்கணும்.

– போச்சுடா! இப்பத்தான் சரி, தாடையைக் கொடுத்துத் தொலைப்போம்னு நினைச்சேன்.

– நினைச்சீங்களா? நெசமாவா?

– நினைச்சு என்ன பண்ண? என்கூட யாரு படுக்கிறா? இந்தத் தையல் மிஷினா குறிச்சுக் கொடுக்கும்?

– அண்ணி, இப்ப நான் என்னத்தை எழுத? பொய் மட்டும் என் கையால வராது, சொல்லிட்டேன்.

– பொய் எதுக்கு? ‘கூடப் படுக்கிறது அண்ணி, ஒரே அறை’ன்னு எழுது கண்ணு. கீழ நான் கையெழுத்துப் போடுறேன்.

– அப்ப சரி. அண்ணே, நீயும் போடு. மடிச்சாச்சு, பசை தடவியாச்சு. ஓரத்தை நல்லா அமுத்து. ஆங், ஒட்டிடுச்சு. தபால் எடுக்க வர்றதுக்குள்ள ஓடிப்போய்ப் பெட்டியில போட்டுட்டு வா.

– செருப்பு மாட்டியாச்சும்மா, இதோ கிளம்பிட்டேன். ஆனா ஏய், நீ இன்னிக்கே இந்த அறைக்குப் படுக்க வந்துடுவியா? இல்ல, ஆஸ்பத்திரியில கூப்பிட்டதுக்கு அப்புறம்தானா?

– புதுசா எங்க வர்றது? நீங்க கண்ணசந்ததும் ரெண்டு வருஷமா நான் இந்தக் கட்டிலுக்குக் கீழதாங்க படுக்குறேன். சத்தம் நின்னுபோனா உங்களை யாரு உலுக்குவா?