குழாய்க்கு அந்தப் பக்கம் என் மைத்துனன்

நான் இப்போது சொல்லப்போகும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் பாட்டன் முப்பாட்டன்மார் செத்தபின் மலைக்குகையில் போர்த்திக்கொண்டு கிடக்கும் போர்வைகளின் மேல் ஆணை. இதற்கு முன்பும் சிலது சொல்லியிருக்கிறேன். ஆக்னோ ஆற்றில் காது முளைத்த விலாங்கு பிடித்தேன் என்றேன். காட்டுப்பன்றி ஒன்று என்னிடம் வழி கேட்டது என்றேன். அதெல்லாம் சாராயக்கடைப் பேச்சு. அங்கே எழுதிக்கொள்ள ஆள் கிடையாது. நீங்கள் எழுதுகிறீர்கள், ஐயா. காப்பியும் கொடுத்திருக்கிறீர்கள். நல்ல காப்பி.

முதலில் மலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் இத்தோகோன் மலை வெளியே பார்க்கத்தான் கெட்டி. உள்ளே முழுக்க விரிசல். எந்தக் காலத்திலோ அடியிலிருந்து சுடுதண்ணீர் அந்த விரிசல்களில் ஏறியது. ஆறும்போது வெள்ளைக் கல்லைப் படியவிட்டது, கல்லுக்குள் தங்கத்தையும். அதைத்தான் நரம்பு என்கிறோம். நரம்பு ஒழுங்காகப் போகாது. ஓரிடத்தில் புல் அகலம் இருக்கும், ஓரிடத்தில் தோள் அகலம். அது எங்கே அகலமாகும் என்று மோப்பம் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போவதுதான் எங்கள் பிழைப்பு.

நானும் புளோரெண்டோவும் சேர்ந்து குடைந்தோம். என் மனைவி தோமசாவின் தம்பி அவன். ஓரிடத்தில் நரம்பு கத்தியால் வெட்டியதுபோல் நின்றுவிட்டது. மலை எப்போதோ நழுவியிருக்கிறது. நழுவிய இடம் முழுக்கச் சாம்பல் நிறக் களிமண். நரம்பின் மறுபாதி மேலே போயிருக்கும் என்றேன் நான். அவன் களிமண்ணில் இருந்த கீறல்களைத் தடவிப் பார்த்துவிட்டுக் கீழே என்றான். ஈரம் பட்டால் அந்தக் களிமண் ஊதும். அங்கே கூரையைத் தாங்குவது மலை அல்ல, மரம். ஆகவே பைன் மரத் தூண்களை நெருக்கமாக நட்டு, ஆப்பு அடித்து, அதைத் தாண்டிப் போனோம். அந்தப் பக்கம் நரம்பு இருந்தது. முழங்கை அகலம். விளக்கைக் காட்டினால் வெறும் கண்ணுக்கே தங்கம் தெரிந்தது.

வளமான கல் கிடைத்தால் முன்னோருக்குப் பன்றி குத்த வேண்டும். குத்தினால் பன்றி கத்தும். கத்தினால் ஊருக்குத் தெரியும். தெரிந்தால் ஊரே கூடையோடு வந்து சுரங்க வாசலில் நிற்கும். வந்து நின்றவர் யாரானாலும் ஒரு பங்கு கல் கொடுக்காமல் அனுப்பக்கூடாது என்பது எங்கள் வழக்கம். மறைத்தவனிடமிருந்து தங்கம் ஒளிந்துகொள்ளும் என்பார்கள்.

"அத்தான், நாளைக்கே பன்றி பார்த்துடலாம்" என்றான் புளோரெண்டோ.

"கத்தாத பன்றியா பாரு."

"கஞ்சத்தனத்துல உங்களத் தூக்கிச் சாப்பிடுற பன்றி இன்னும் பொறக்கல."

சிரித்தான். அவன் சிரித்தால் அடுத்த மலையில் நாய் குரைக்கும்.

"ஒரு மாசம் வாய மூடிக்கிட்டு இரு, மச்சான்."

"வாய மூடிருவேன். மூஞ்சிய எங்க கொண்டுபோய் வைக்க?"

நியாயமான கேள்வி. அந்த முகத்தை எங்கே வைப்பது என்று நானும் யோசித்தேன்.

பிறகு கூரை விழுந்தது. அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். காற்றுக்காக நாங்கள் இழுத்திருந்த இரும்புக் குழாய் சரிந்த மண்ணுக்குள் புதைந்து, அதன் நீண்ட வால் மட்டும் என் பக்கம் கிடந்தது.

எப்படி விழுந்தது என்று கேட்கிறீர்கள். தூணின் ஆப்பை நான் தட்டினேன். ஒன்றைத்தான். மற்றவை தாமாக வந்தன. கொல்லும் எண்ணமே இல்லை, ஐயா. அவன் முகம் ஒரு மாதம் ஊருக்குள் போகக்கூடாது, அவ்வளவுதான். குழாயில் வாயை வைத்துக் கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு குரல் வந்தது.

"அத்தான், தோண்டி எடுங்க."

"எடுக்கிறேன் மச்சான். களிமண்ணு ஈரமா இருக்கு. காயட்டும்."

"மழை இப்பத்தான ஆரம்பிக்குது."

"அதான் சொல்றேன்."

தோமசாவிடம் அவன் கட்டட வேலைக்குச் சமவெளி இறங்கிவிட்டான் என்றேன். "எங்கிட்டச் சொல்லாமயா?" என்றாள். "சொன்னா நீ அழுவேன்னு போயிட்டான்" என்றேன். ஆனாலும் இரண்டு பேருக்குச் சோறு கட்டச் சொன்னேன்.

"அவன் சோத்தையும் நீங்களே திங்கப் போறீங்களா?"

"மலை பசிக்க வைக்குது."

சோற்றைக் குழாய் அளவுக்கு உருட்டி, நடுவே புகையில் வாட்டிய பன்றியிறைச்சி வைத்து, மூங்கில் கழியால் தள்ளினேன். ஒரு வேளையும் தவறவில்லை. நான் பட்டினி கிடந்தும் தள்ளியிருக்கிறேன். இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். சாப்பாடு போட்டவனைப் பிடித்துக் கொலைகாரன் என்றால் ஊர் சிரிக்கும்.

அவனும் லேசுப்பட்டவன் அல்ல. "கறி வாயில கடிபடல அத்தான். அக்கா வாட்டுனதா, இல்ல உங்க செருப்பையே அனுப்பிட்டீங்களா?" என்பான். நரம்பு இடப்பக்கம் சாய்கிறது, இரண்டாகப் பிரிகிறது, மறுபடி சேர்கிறது என்பான். கீழேதான் போகுது, நான் சொன்னேனே என்று குத்திக்காட்டுவான். கல்லை உடைத்துக் குழாய் வழியே உருட்டிவிடச் சொன்னேன். "வரும் வரும், பொறுங்க" என்றான். கழுவிப் பார்க்கத் தட்டோடு காத்திருந்தேன்.

வேறெங்கும் என்னால் இருக்க முடியவில்லை. வீட்டில் படுத்தால் கூரை கீழே இறங்கியது. தோமசா கதவைச் சாத்தினால் எழுந்து திறந்தேன். சுரங்கத்துக்குள் குனிந்து வந்து குழாயருகே முதுகைச் சாய்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

"யாருக்கும் சொல்ல மாட்டேன், அத்தான்" என்றான் ஒருநாள்.

"சொல்ல மாட்டே. சிரிச்சிருவே."

"இனிமே சிரிக்க மாட்டேன்."

அவன் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. மண்வெட்டியை எடுத்தேன். தோண்டினால் வெளியே வருவான். வந்தால் ஆப்பைத் தட்டியது யார் என்று சொல்வான். மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சோற்றை உருட்டினேன்.

வரவர, கழி உள்ளே கொஞ்ச தூரம்தான் போயிற்று. அவன் குழாயோரமாகவே நகர்ந்து வந்து உட்கார்ந்துவிட்டான் என்று புரிந்துகொண்டேன். குழாயிலிருந்து அரிசிக் கள்ளின் வாடையும் வந்தது. உள்ளே இருந்துகொண்டு கள் வடிக்கிறான், எனக்கு ஒரு வாய் தரவில்லை என்று வருத்தம்கூடப் பட்டேன்.

கடைசியில் வம்பு அக்கம்பக்கத்தாரால் வந்தது. இரண்டு ஆள் சோறு தின்கிறவன் நல்ல நரம்பில்தான் இருப்பான் என்று கணக்குப் போட்டுவிட்டார்கள். ஒரு காலையில் பெண்கள் கூடைகளோடு சுரங்க வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் தோமசா.

"பங்கு வேணும்" என்றாள்.

"கட்டுன பொண்டாட்டிக்கே பங்கா?"

"வாசல்ல வந்து நின்னவளுக்கு. வழக்கம் மறந்துபோச்சா?"

வழக்கத்தை மீறித் தடுக்க என்னால் முடியவில்லை. உள்ளே வந்தார்கள். நரம்பைத் தேடினார்கள். சரிந்த மண்ணைப் பார்த்தார்கள். இந்தக் குழாய் எதற்கு என்றாள் ஒருத்தி. மச்சானோடு பேச என்றேன். தோமசா மண்டியிட்டுத் "தம்பி" என்று கூப்பிட்டுவிட்டுக் காதை வைத்தாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள்.

"என்ன சொல்றான்?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. கூடையை எறிந்துவிட்டு வெறுங்கையால் மண்ணை அள்ளத் தொடங்கினாள். அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம், ஐயா. அன்று காலைகூட அவன் என்னிடம் உப்பு கேட்டான்.

ஆப்பைத் தட்டியது நான். அடைத்து வைத்தது நான். ஊரிடம் மறைத்தது நான். மூன்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த மழைக்காலம் முழுவதும் அவனுக்குச் சோறு போட்டு உயிரோடு வைத்திருந்தவனும் நான்தான்.

தோண்டியவர்கள் குழாயை வெட்டிப் பார்த்தார்கள்: கூரை விழுந்த இடத்தில் அது இலைபோல் நசுங்கிக் கிடந்தது, அங்கிருந்து என் பக்கத்து வாய்வரைக்கும் நான் உருட்டிய சோறு ஒன்றன்பின் ஒன்றாக அப்படியே இருந்தது.