குலிபாலி வாசலில் சித்தான்

அவைக்கு அழகாய் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, வெயிலையும் பாராமல் வந்திருக்கும் பெரியோர்களே, கோனி யாழின் நரம்பை மீட்டிக் குலங்களின் கதை காக்கும் பாணர் பெருமக்களே, பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு பின்னால் நிற்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் அமைதி உண்டாகட்டும்!

சேகு நகரத்துப் பாடினியர்க்கெல்லாம் தலைவியாக இன்று என் பேத்தி சித்தான் துன்கரா பட்டம் ஏற்கிறாள். எதற்காக? தலைநகர் பமாக்கோ வானொலியில் பாடியதற்காகவா? கடல் கடந்து முப்பது மேடை கண்டதற்காகவா? இல்லை, இல்லவே இல்லை! ஒரு வாசலில் உட்கார்ந்ததற்காக!

மூன்றாண்டுக்கு முன் சான் குலிபாலி மகளின் கல்யாணம். வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிய கையோடு சித்தானைப் பாட அழைத்தார்கள். பாடினாள். அடடா, எப்படிப் பாடினாள்! ஆனால் யாரை முதலில் பாடினாள்? எதிரே நாற்காலியில் இருந்த சானை! மாமரத்தடியில் பாயில் இருந்த அவர் அண்ணன் செஃபோலோவை மறந்தாள். மூத்தவர் இருக்க இளையவரைப் பாடுவதா? பாணர் குலத்தில் பிறந்தவள் செய்யலாமா? எல்லாம் மேடை தந்த பழக்கம். கண்ணுக்கு நேரே இருப்பவருக்கே முதல் கும்பிடு!

செஃபோலோ எழுந்தார். செருப்பை மாட்டினார். தன் வீட்டைப் பார்த்து நடந்தார். மூத்தவர் கை படாமல் கல்யாணக் கோலாக்கொட்டையைச் சபைக்குப் பங்கிட முடியுமா? பங்கிடாமல் கல்யாணம்தான் உண்டா? மணப்பெண் அழுதாள். சித்தானின் பெயர் சேகுவில் அன்றோடு முடிந்தது என்றே எல்லோரும் பேசினார்கள்.

யார் அங்கே, பயறு தின்னிக்கு ரோஷம் என்று சிரிப்பது? குலிபாலிகளைப் பயறு தின்னி என்று கேலி செய்யும் உரிமை பெற்ற த்ராவோரே குலத்துத் தம்பியா? உங்கள் வீட்டுப் பானையைத் திறந்தால் தெரியும் யார் பயறு தின்னி என்று, உட்காரப்பா!

சித்தான் ஒலிவாங்கியைக் கீழே வைத்தாள். ஓடினாள். செஃபோலோ வாசலில், கொதிக்கும் மணலில், வெறுங்காலோடு உட்கார்ந்தாள். பின்னாலேயே நாங்களும் போய் நின்றோம்.

உள்ளேயிருந்து அவர், "போடி! உனக்கு நேரா நாற்காலி போட்டு உக்காந்திருக்கானே, அவனப் போய்ப் பாடு!" என்றார்.

"போகமாட்டேன் ஐயா. பாணர் வீட்டுப் பொண்ண வாசல்லேர்ந்து வெரட்டுன குலிபாலி இதுவரைக்கும் உண்டா? வேணும்னா நீங்க ஆரம்பிச்சு வைங்க."

பாடத் தொடங்கினாள். ஆற்றைக் கடந்து வந்த முதல் குலிபாலியைப் பாடினாள், பஞ்சத்தில் களஞ்சியம் திறந்த பூட்டனைப் பாடினாள், பதினொரு தலைமுறை பாடினாள். செஃபோலோவின் தகப்பன் பெயரோடு சட்டென்று நிறுத்தினாள்!

"ஏன்டி நிறுத்திட்ட? அடுத்தது யாரு?"

"அதான் தெரியல ஐயா. கோலாவப் பங்கிட்டுக் குடுத்தவருன்னு பாடவா, தம்பி மகளக் கல்யாணத்தன்னிக்கு அழவிட்டவருன்னு பாடவா? தப்பு எம்மேல. அதையும் சேத்தே பாடுறேன். உங்க வரிய நீங்களே சொல்லுங்க. நாளைக்கு உங்க பேரன் கல்யாணத்துல எம்மக அதத்தான் பாடுவா."

கதவு திறந்தது. "எந்திரி, மணல் சுடுது. முன்னால பாடிக்கிட்டே நட. பங்கிட்டவருன்னு பாடு. சத்தமா! சான் காதுல விழணும்!"

மக்களே! அன்று தெரு முழுக்க அவள் முன்னே பாடிப் போனாள். அவர் பின்னே நிமிர்ந்து வந்தார். மணப்பெண் கண்ணைத் துடைத்தாள். இன்றும் குலிபாலி வீட்டுக் கல்யாணங்களில் சித்தான், "மூத்தவரை மறந்தாள் சித்தான்" என்ற வரியைத் தன் வாயாலேயே பாடுகிறாள். ஒருமுறையாவது விட்டதுண்டா? பிறர் பெருமை பாடப் பலர் உண்டு. தன் பிழையையும் பாட்டில் வைத்துக் காப்பவர் எத்தனை பேர்? அவளுக்கன்றோ பட்டம்!

பொறுமையாய்க் கேட்ட செவிகளுக்கு நன்றி. பட்டம் தந்த ஊருக்கு என் வணக்கம். சித்தான், எழுந்து வாடி கண்ணே! மூத்தவரிலிருந்து தொடங்கு!