நியூகாசல்ல யாரு இருக்கா?

— “உங்க அக்கா இந்த வருஷமும் கரெக்டா வந்துட்டாங்க ஆன்டி”ங்கிறா அந்தச் சந்திரகலா. கோயில் வாசல்ல, செருப்பை மாட்டிக்கிட்டே. “எங்க வந்தாங்க?”ன்னேன். “எங்க பேங்குக்குத்தான். வருஷா வருஷம் இங்கிலாந்துக்கு டிராஃப்ட் எடுப்பாங்கல்ல, அதுக்கு”ங்கிறா. நான் என்ன சொன்னேன் தெரியுமா அக்கா? “ஓ, அதுவா”ன்னு சிரிச்சேன். எல்லாம் தெரிஞ்சவ மாதிரி. அப்புறம் யார் செருப்பையோ மாட்டிக்கிட்டு வீடு வரைக்கும் நடந்து வந்திருக்கேன் லா.

— அதான் வாசல்ல புதுச் செருப்பு கிடக்குதேன்னு பார்த்தேன். யாரோ விருந்தாளின்னு நினைச்சேன்.

— பேச்சை மாத்தாதே.

— மாத்தல நல்லு. அந்தப் பொண்ணு பேங்க் விஷயத்தை வெளியில பேசக் கூடாது. எங்க வார்டுல ஒரு பேஷண்ட் விஷயத்தை வெளியில சொன்னா மேட்ரன் எங்களை...

— உன் வார்டு கதை இப்ப வேணாம். யாருக்கு அனுப்பறே?

— முதல்ல உக்காரு. மூச்சு வாங்குது உனக்கு.

— நின்னுக்கிட்டேதான் கேப்பேன். யாருக்கு?

— யாருக்கும் இல்ல. எனக்குத்தான்.

— உனக்கா? நீ இங்க மலேசியாவுல, பிரிக்ஃபீல்ட்ஸ்ல உக்காந்துக்கிட்டு, இங்கிலாந்துல இருக்கிற உனக்கு அனுப்பறியா?

— கிட்டத்தட்ட அப்படித்தான்.

— நான் ஆறாவதோட நின்னவதான். அதுக்காக மடச்சி இல்ல. யாரு அந்த ஆளு? போட்டோவுல உன் பக்கத்துல தொப்பி போட்டுக்கிட்டு நிக்கிறானே, அவனா?

— எந்த போட்டோ?

— பனியில எடுத்தது. நீ கூட பெரிய கோட்டு ஒண்ணைப் போட்டுக்கிட்டுப் பல்லு முப்பத்திரண்டையும் காட்டுறே.

— அடியேய், அவர் பஸ் டிரைவர்! பனியில பஸ் நின்னு போச்சு, எல்லாரும் இறங்கி நின்னோம். அவர் பேர் கூட எனக்குத் தெரியாது.

— பேர் தெரியாத ஆளு பக்கத்துல நின்னு அப்படிச் சிரிப்பாளா ஒருத்தி? நீ இந்த வீட்டுக்கு வந்து பதினாலு வருஷமாச்சு. ஒரு நாள் அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததில்ல.

— குளிருல வாய் மூடாது நல்லு. அது சிரிப்பே இல்ல.

— மழுப்பாதே. சரி, நியூகாசல்ல யாரு இருக்கா? டிராஃப்ட் அங்கதான் போகுதுன்னு சந்திரகலா சொன்னா.

— அதையும் சொல்லிட்டாளா! அங்க ஒரு கவர்மென்ட் ஆபீஸ் இருக்கு. பென்ஷன் ஆபீஸ். லிசன், பொறுமையாக் கேளு. நான் அங்க நர்ஸா இருந்தப்போ சம்பளத்துல பிடிச்சாங்க. நம்ம ஈ.பி.எஃப். மாதிரின்னு வெச்சுக்கயேன். ஆனா மொத்தமா கைக்கு வராது. அறுபது வயசானா வாரா வாரம் வரும், கண்ணை மூடுற வரைக்கும். எத்தனை வருஷம் கட்டியிருக்கோமோ அதுக்குத் தகுந்த மாதிரி. நான்தான் பாதியில வந்துட்டேனே. விட்டுப்போற வருஷங்களை வெளிநாட்டுல இருந்தே கட்டிக்கலாம். இஷ்டம் இருந்தா கட்டலாம், கட்டாயம் இல்ல.

— கட்டாயம் இல்லாததை எவளாச்சும் கட்டுவாளா?

— நீ தம்புசாமிகிட்ட சீட்டுக் கட்டுறியே, அது கட்டாயமா?

— தம்புசாமி அடுத்த லோரோங் சந்துலதான் இருக்கான் லா. ஏமாத்துனா போய்ச் சட்டையைப் பிடிப்பேன். நியூகாசல்ல நீ யாரு சட்டையைப் பிடிப்பே? அந்தத் தொப்பிக்காரன் சட்டையவா?

— அவனை விட மாட்டியா நீ? காப்பியைக் குடி, ஆறிப் போகுது.

— காப்பி ஆறினா ஆறட்டும். எனக்கு வேணாம். பென்ஷன்னா நல்ல விஷயம்தானே, எதுக்கு எங்கிட்ட மறைச்சே?

— மறைக்கல. சொல்ல வாய்ப்பு வரல.

— பதினாலு வருஷத்துல வாய்ப்பு வரல! பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டதைக் கூட முதல்ல எங்கிட்டத்தான் சொல்லுவே. இதுக்கு வாய்ப்பு வரல. சரி, விடு. இன்னொண்ணு கேக்குறேன், இதுக்காவது நேரா பதில் சொல்லு. செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் எங்க போறே?

— கிளினிக்குக்கு. வேற எங்க?

— கிளினிக் மூணு மணிக்கு மூடுது. அந்த ரெண்டு நாளும் நான் கிள்ளான்ல என் பெரிய மக வீட்டுக்குப் போயிட்டு, பேரனைப் பார்த்துட்டு, சாயங்காலம் வந்து விளக்கேத்துறேன். நான் விளக்கேத்தவும் நீ வந்து நிக்கவும் சரியா இருக்கு. நான் வந்துட்டேன்னு உனக்கு எப்படித் தெரியுது? அது வரைக்கும் எங்க இருக்கே?

— அப்படி இப்படி நடப்பேன். உடம்புக்கு நல்லது.

— நடந்தியா? நாகையா பூக்கடை ஸ்டூல்ல உக்காந்திருக்கியாம்! நாகையா பொண்டாட்டியே சொன்னா. “உங்க அக்கா யாரோ வரப் போற மாதிரி ரோட்டையே பார்த்துக்கிட்டு இருக்காங்க, வெத்தலை குடுத்தாலும் வேணாங்கிறாங்க”ன்னு. யாருக்காகக் காத்திருக்கே அக்கா? இங்கிலாந்துல ஒருத்தன் போதாதுன்னு பூக்கடை முனையில ஒருத்தனா?

— அம்பத்தஞ்சு வயசுல எனக்கு நீ குடுக்கிற மவுசை நினைச்சா சந்தோஷமா இருக்கு.

— சிரிக்காதே. எனக்குப் பயமா இருக்கு.

— எதுக்குடி பயப்படுறே?

— எதுக்குன்னு உனக்குத் தெரியும். தையில என் பையன் ராதாகிருஷ்ணன் கல்யாணம். அது முடிஞ்சதும் நீ பெட்டியைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பப் போறே. அதான் அங்க காசு சேர்த்து வைக்கிறே. ஏஜென்ட் எவனையோ பார்க்கத்தான் அந்த முனையில போய் உக்கார்றே. சொல்லு. இல்லைன்னு சொல்லு பார்ப்போம்.

— இல்ல.

— சாமி படத்தைப் பார்த்துச் சொல்லு.

— இல்ல நல்லு. போறதா இருந்தா எழுபத்தாறுலேயே போயிருப்பேன். உன் வீட்டுக்காரர் தவறிப்போனப்போ ஆறு மாச லீவுலதான் வந்தேன். ராதா அப்ப என் முந்தானையை விட மாட்டான். லீவு முடிஞ்சது, நான் போகல.

— அது அப்போ. இப்ப அங்க பென்ஷன் இருக்கே.

— அதை இங்கேயே வாங்கிக்கலாம். மலேசியாவுல இருந்தா ஏத்த மாட்டாங்க, அவ்வளவுதான். முதல் வாரம் என்ன வருதோ கடைசி வரைக்கும் அதேதான். அங்க போய் இருந்தா வருஷா வருஷம் ஏறும்.

— பார்த்தியா, பார்த்தியா! அங்க போனா ஏறும். அப்போ போறதுதானே உனக்கு லாபம்?

— லாபம்தான். நான் இங்கதான் இருக்கப் போறேன்.

— நெசமாவா?

— நெசமா.

— அப்படின்னா எதுக்கு அந்தப் பென்ஷன்? எனக்கு அதுதான் இன்னும் வலிக்குது. நான் சோறு போட மாட்டேனா? ராதா பார்த்துக்க மாட்டானா? உனக்கு நான் என்ன குறை வெச்சேன் அக்கா? மீன் வறுத்தா நடுத்துண்டு உனக்குத்தான். அந்த ரோஜாப்பூ கப்புல உனக்கு மட்டும்தான் காப்பி, பிள்ளைங்க யாரையும் தொட விட்டதில்ல. நீ நைட் டூட்டி பார்த்துட்டு விடியக்காலையில வந்தாக்கூட நானேதான் எழுந்து போய் வாசக் கிரில் கதவைத் திறப்பேன். ராதாவை ஒரு நாள் எழுப்பினதில்ல. எங்க அக்கா வந்தா நான்தான் திறக்கணும்னு.

— ஆமா. அதுல குறையே இல்ல. ஒரு விருந்தாளியை எப்படிப் பார்த்துக்கணுமோ அப்படிப் பார்த்துக்கிறே.

— என்ன சொன்னே?

— ஒண்ணுமில்ல. கல்யாண வேலை எவ்வளவு தூரத்துல இருக்கு?

— மறுபடியும் மாத்துறே பாரு. எல்லாம் ஆச்சு. மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுல புடவை எடுத்தாச்சு. வரப் போற பொண்ணுக்கு ஒரு அலமாரியைக் காலி பண்ணியாச்சு. வாசக் கிரில் சாவி கூட புதுசா ஒண்ணு வெட்டி வெச்சிருக்கேன். வந்த அன்னைக்கே கையில குடுத்துடணும் அக்கா. எங்க மாமியார் சாவியைக் கையில வெச்சப்பத்தான் இது என் வீடுன்னு எனக்கே தோணுச்சு. அது வரைக்கும் ராத்திரியில எழுந்து தண்ணி குடிக்கக் கூட யோசிப்பேன்.

— ம்.

— என்ன ‘ம்’? ஏன் அப்படிப் பார்க்கிறே?

— ராத்திரி தண்ணி குடிக்க யோசிப்பேன்னியே. அதான்.

— அக்கா, விருந்தாளின்னு சொன்னியே. அது என் காதுல விழாமப் போகலை. யாரு விருந்தாளி?

— நீ கேட்ட கேள்விக்கெல்லாம் ஒரே பதில்தான் நல்லு. விருந்தாளிக்கு வயசானா எங்க போவா? யாருக்கும் பாரமா இருக்கக் கூடாதே. அந்தப் பயத்துல கட்டினேன். வேற எவனும் இல்ல, எந்த ஊருக்கும் போகல.

— அப்போ பூக்கடை?

— அந்த ஸ்டூல்ல உக்காந்தா கிள்ளான்ல இருந்து நீ வர்ற பஸ் நிக்கிற இடம் நல்லாத் தெரியும். நீ இறங்குவே. இடுப்புல சாவிக்கொத்தைத் தடவிக்கிட்டே ரோட்டைத் தாண்டுவே. நீ கால் கழுவி விளக்கேத்துற வரைக்கும் விட்டுட்டு, அப்புறம் எழுந்து வருவேன்.

— எனக்காகவா அங்க உக்காந்திருந்தே?

— கிரில் பூட்டியிருக்குமே.

— மூணு மணியில இருந்தா?

— நாகையா நல்ல மனுஷன். ஸ்டூலைத் துடைச்சுப் போடுவார்.

— மழை பெஞ்சா?

— கடைக்குள்ள கூப்பிடுவாங்க. மல்லிகை கட்டக் கூடக் கத்துக்கிட்டேன்.

— ராதாகிட்ட ஒண்ணு இருக்கு. கிள்ளான்ல பெரியவகிட்டக் கூட ஒண்ணு இருக்கு. எனக்கு ஏன் தோணல? திறந்து விடுறதுதான் மரியாதைன்னு நினைச்சுட்டேனே அக்கா... நீயாவது கேட்டிருக்கலாம்ல?

— வந்த வாரமே கேக்கலாம்னு பார்த்தேன். ஆறு மாசத்துக்கு எதுக்குன்னு விட்டுட்டேன். அப்புறம் வருஷம் ஓடிப் போச்சு, கேக்கவே கூச்சமாப் போச்சு. இனிமே கேட்டா, இவ்வளவு நாள் மனசுல வெச்சிருந்தாளான்னு நீ நினைப்பியேன்னு.

— இப்பக் கேளு.

— அதான் உனக்கே தெரிஞ்சு போச்சே.

— தெரிஞ்சாலும் நீ வாயைத் திறந்து கேளு. என் கண்ணைப் பார்த்துக் கேளு அக்கா.

— நல்லு... இந்த வீட்டுச் சாவி எனக்கும் ஒண்ணு குடு.