முழங்கையில் ஓட்டை

"அந்த மனுசியின்ர சுவெட்டரில முழங்கையில ஓட்டை. அப்பதான் பெரிய இடம் எண்டு விளங்கிச்சு."

கிளென் வேவர்லி ரயிலில் எதிரே இருந்த அன்ரி, லண்டனில் மகளின் வெள்ளைக்கார மாமியாரைப் பார்த்துவிட்டு வந்த கதையைத் தோழிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஓட்டையோ?"

"ஓம். தேத்தண்ணிக் கோப்பையும் விளிம்பு உடைஞ்சது. நல்ல கதிரையில நாய் படுத்திருக்கு. நான் காஞ்சிபுரமும் தாலிக்கொடியுமாப் போய் நிக்கிறன்."

"நீரும் ஒரு ஓட்டைச் சுவெட்டரோட போயிருக்கலாம்."

தோழி சிரித்தார். அன்ரி சிரிக்கவில்லை.

"நான் போட்டா, பாவம், ஒண்டுமில்லாததுகள் எண்டுதான் நினைப்பினம். ஒருநாளைக்கெண்டாலும் அந்த மனுசி மாதிரி இருந்து பாக்க ஆசையாக் கிடக்கு."

கடைசி ஸ்டேஷன் வந்தது.

"வாரும், பேக்கரியில பாண் வாங்கிக்கொண்டு போவம்."

"கொஞ்சம் பொறும்" என்ற அன்ரி, கைப்பையிலிருந்து லிப்ஸ்டிக்கை எடுத்துப் பூசிக்கொண்டார்.