லாவெண்டர் உப்பில் நான் செய்த மாற்றம்

சம்பந்தி, காபி நன்றாக இருக்கிறது. சர்க்கரைதான் கொஞ்சம் அதிகம். அதைச் சொல்ல நான் வரவில்லை. எங்கள் வீட்டோடு இருந்த மாப்பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு முதலியார்பேட்டைக்கு வந்துவிட்டார் என்றால், காரணம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேட்டீர்கள். சொல்கிறேன்.

அன்று குருசுக்குப்பத்தில் எங்கள் கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் மகள் சுமலதா, உங்கள் மகன் இளஞ்செழியன், வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் விடுதியை நடத்துகிற பாரதி அம்மாள், எதிர்வீட்டு அம்மாவாசை. அம்மாவாசையை யாரும் கூப்பிடவில்லை. பூனைகள் பிறகுதான் வந்தன.

சுமலதா வீட்டிலேயே லாவெண்டர் சோப்பு, கிரீம், குளிக்கிற தண்ணீரில் கரைக்கிற உப்பு எல்லாம் செய்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். நான் தடுத்ததில்லை. லாவெண்டர் நம் வெயிலுக்கு வளராது, அதனால் காய்ந்த பூவும் எண்ணெயும் பார்சலில் வருகின்றன. நம்மிடம் இல்லாததை வாங்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு நாள் கூரியர்காரர் தெரு நடுவில் நின்று, "உப்பு பார்சல் யாருக்குங்க?" என்று கேட்டார்.

எங்கள் குடும்பம் என் தாத்தா காலத்திலிருந்து கருவாடு போடுகிறது. எங்கள் வீட்டில் மணல் இல்லாமல் போகலாம், உப்பு இல்லாமல் போகாது. அம்மாவாசை வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். "இன்னா தெய்வநாயகம், கருவாட்டு வூட்டுக்கே உப்பு வெலைக்கு வருதா? சொல்லியிருந்தா நான் ஒரு படி குடுத்திருப்பேனே" என்றான். தெரு சிரித்தது.

பார்சலில் இருந்தது ரோஸ் நிற இந்துப்பு. நாக்கில் வைத்துப் பார்த்தேன். அதற்கு உப்பு என்று பேர் வைத்தவரை நான் சந்திக்க வேண்டும். டப்பாவின் மேல் 'தெய்வநாயகம் இல்லத் தயாரிப்பு' என்று சுமலதா அச்சடித்திருந்தாள். என் பேர் போட்ட டப்பாவுக்குள் அடுத்தவன் உப்பு.

ஆகவே மாற்றினேன். இந்துப்பைக் கடலில் கரைத்துவிட்டு, நம் உப்பை வைத்தேன். புது உப்பையே வைத்திருக்கலாமே என்பீர்கள். புது உப்பு எல்லோரிடமும் இருக்கும். நான் வைத்தது தொட்டியில் மீனோடு ஊறி, தன் வேலையை முடித்த உப்பு. அனுபவப்பட்ட உப்பு. நிறத்துக்குப் பீட்ரூட் சாறு தெளித்து, மொட்டைமாடியில் காயவைத்து, இடித்து, சலித்து வைத்தேன். சிரமம் பார்க்கவில்லை.

சுமலதா அதில் பூவைக் கலந்தாள், எண்ணெய் விட்டாள். வித்தியாசம் அவளுக்குத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அந்தக் காற்றில் வளர்ந்தவளுக்கு அது வாசனைக் கணக்கிலேயே வராது. மாப்பிள்ளைக்குத்தான் தெரிந்தது. "சுமா, இதுல கருவாட்டு வாடை அடிக்குது" என்றார்.

"கல்யாணம் ஆன நாள்லேந்து உங்களுக்கு எங்க வூட்ல எல்லாமே அடிக்குது."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் செய்தித்தாளைப் பார்த்தேன்.

பாரதி அம்மாள் விடுதி முழுவதற்கும் வாங்குவதாகச் சொல்லி, பரீட்சை பார்க்க வந்தார். அந்த ஆர்டரை நம்பித்தான் சுமலதா கடைக்கு இடம் பார்த்து வைத்திருந்தாள். அந்த அம்மாள் வெந்நீர்த் தொட்டியில் கால்களை வைத்தார். சுமலதா உப்பைக் கைநிறைய அள்ளிப் போட்டாள். அந்த உப்பு காய்ந்திருக்கும்வரை அடக்கமாக இருக்கும். வெந்நீர் பட்டால் பேச ஆரம்பிக்கும்.

பாரதி அம்மாள் கண்ணை மூடியபடி, "உள்ள யாராச்சும் கொழம்பு வெக்கறாங்களா?" என்று கேட்டார்.

"இல்லக்கா. லாவெண்டர்."

"அப்படியா. எனக்கு என்னமோ பசிக்குது."

"வெளிநாட்டு லாவெண்டரு அப்பிடித்தான் மதாம்" என்றான் அம்மாவாசை. "கத்திரிக்கா போட்டா இன்னும் தூக்கும்."

முதல் பூனை ஜன்னல் வழியாக வந்தது. மற்றவை வாசல் வழியாக, முறையாக வந்தன. ஒன்று தொட்டியில் குடித்தது. ஒன்று அந்த அம்மாளின் கணுக்காலை நக்கியது. மரியாதை தெரிந்தவர், கத்தவில்லை. ஈரக்காலோடு எழுந்து காருக்கு நடந்தார். பூனைகளும் நடந்தன. கதவைச் சாத்துவதற்குள் சில ஏறிவிட்டன. சாயங்காலம் போனில் ஆர்டர் வேண்டாம் என்றார். அவர் பேசும்போது பின்னால் மியாவ் கேட்டதாம்.

சுமலதா அழுதாள். பிறகு மாப்பிள்ளையிடம் திரும்பி, "உங்களுக்கு மட்டும் முன்னாடியே எப்பிடித் தெரியும்? நீங்கதான் எதையோ கலந்திருக்கீங்க" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. புருஷன் பெண்சாதி பேச்சில் பெரியவர்கள் தலையிடுவது அழகல்ல. மாப்பிள்ளை பையை எடுத்தபோதும் தலையிடவில்லை. பஸ் நேரத்தை மட்டும் சொன்னேன்.

இப்போது தெய்வநாயகம் மகளைப் புருஷன் விட்டுவிட்டான் என்று தெருவில் பேசுகிறார்கள். என் பேரோடு அப்படி ஒரு பேச்சு சேரக் கூடாது. ஆகவே ஒப்புக்கொள்கிறேன்: உப்பை மாற்றியவன் நான்தான். மாப்பிள்ளை மேல் குற்றமில்லை, அவருக்கு மூக்கு நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். அவரை அனுப்பிவையுங்கள். சுமலதாவிடம் விஷயத்தை நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் அவள் மனம் நோகும்.

இன்னொன்று. அந்தத் தொட்டியில் அடித்தது மத்திக் கருவாட்டு வாடை என்று அம்மாவாசை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். அது பொய். வஞ்சிரம்.