மைக்கில் வாசித்த சீர் அட்டை

என் பெயர் நாச்சிமுத்து, வயது 54, தகப்பனார் பெயர் சின்னான். திருப்பூர் நல்லூரில் குடியிருந்து, பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக வேலை செய்து வருகிறேன். என்னைத் தெரியாத கம்பெனி இந்த ஊரில் கிடையாது.

இந்த வருடம் 2008 ஆவணியில் என் தங்கை முத்தாயியின் மகள் சித்ராதேவிக்குக் கல்யாணம் நடந்தது. தாய்மாமன் சீருக்குப் பட்டுப்புடவை எடுக்க பூபாலன் என்பவரின் ஜவுளிக்கடைக்குச் சென்றேன். அவர் என்னைக் கண்டதும் எழுந்து நின்று, இளநீர் வரவழைத்து, இப்போதெல்லாம் புடவைக்குப் பதில் பணம் கட்டி வாங்கும் பரிசு அட்டைதான் கௌரவம் என்றார். "அட்டை தொலைஞ்சாலும் பயமில்லீங்க மாஸ்டர். நம்பரைச் சொன்னாப் போதும், சரக்கு எடுத்துக்கலாமுங்க" என்று அவரே சொன்னார். அதன் பேரில் அட்டை வாங்கினேன். பில் போட்ட நிர்மலா என்ற பெண் என்னிடம் எதுவும் பேசவில்லை.

அதன் பிறகு மண்டபத்தில் வழக்கப்படி ஒவ்வொரு சீரையும் மைக்கில் சொன்னார்கள். என் சீர்த்தட்டில் இருந்த அட்டையைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் ஒருவர், "தாய்மாமன் பஸ் பாஸ் வெச்சிருக்காருங்கோ" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சித்ராதேவி தலை குனிந்துகொண்டது. அதன் பேரில் அது பணம் உள்ள அட்டை என்று காட்ட நான் மைக்கை வாங்கி, அட்டையின் வெள்ளிப் பூச்சைக் காசால் சுரண்டி, உள்ளே இருந்த நம்பரை இரண்டு தடவை வாசித்தேன். மூவாயிரம் பேர் கேட்டார்கள் என்று முதலில் சொன்னேன். இந்த வாக்குமூலத்தை எழுதும் இன்ஸ்பெக்டர் அய்யா திருப்பிக் கேட்டதில், முந்நூறு பேர் இருக்கலாம்.

அதன் பிறகு முத்தாயி மகளுடன் கடைக்குச் சென்றதில், கல்யாணத்தன்று மாலையே யாரோ நம்பரைச் சொல்லிச் சரக்கு வாங்கிப் போய்விட்டதாகவும், அட்டையில் எதுவும் மீதி இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். "ஏனுங்ண்ணா, வெத்து அட்டையக் குடுத்தா எம்புள்ளைய அனுப்புனீங்க?" என்று முத்தாயி என் வாசலில் நின்றபடியே கேட்டுவிட்டு, தண்ணீர் கூடக் குடிக்காமல் போனாள். இன்று வரை பேச்சில்லை.

அதன் பிறகு நான் இந்த ஸ்டேஷனில் கடை மீது புகார் கொடுத்தேன். விசாரணையில் பூபாலன், அட்டையைப் பார்க்காமல் சரக்குக் கொடுக்கக் கூடாது என்பதே கடை விதி என்றும், நிர்மலாதான் திருடனோடு சேர்ந்து விதியை மீறினாள் என்றும் சொன்னதாக அறிகிறேன். அந்தப் பெண் காலையிலிருந்து ஸ்டேஷன் பெஞ்சில் இருக்கிறது. சோற்று டப்பா மடியில் திறக்காமல் இருக்கிறது. "முதலாளி சொன்னதத்தானுங்க செஞ்சேன். கேஸ் ஆச்சுன்னா எங்கய்யன் ஊட்டுக்குள்ளயே உடமாட்டாருங்க" என்று என்னிடம் சொன்னது.

இன்று ஸ்டேஷனுக்கு எதிர் டீக்கடையில் பூபாலன் என்னைச் சந்தித்து, "நம்பர் போதும்னு அந்தப் புள்ளதான் சொல்லுச்சுன்னு எழுதிக் குடுத்துருங்க. தங்கச்சி நாளைக்கே பட்டு எடுத்துக்கட்டுமுங்க" என்று சொல்லி, புது அட்டை ஒன்றை என் சட்டைப் பையில் வைத்தார். டீயைக் குடிக்காமல் வைத்தேன். பிறகு நேராக இங்கே வந்தேன்.

கடைக்காரர் ஏமாற்றினால் நுகர்வோர் கோர்ட்டில் கேட்கலாம் என்பதும் எனக்குத் தெரியும். அந்தச் சட்டத்தை முழுக்கப் படித்தவன் என்று சொன்னேன். படித்தது பஸ் ஸ்டாண்டு சுவர் நோட்டீசில்.

பூபாலன் கொடுத்த அட்டையை, பூச்சு சுரண்டாமல் அய்யாவிடம் ஒப்படைக்கிறேன். கூட்டத்தின் அளவிலும் இளநீரிலும் கூடக்குறைய இருக்கலாம். நம்பர் போதும் என்று சொன்னது பூபாலன், நிர்மலா இல்லை என்பதில் நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை. வாசித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது.

(ஒப்பம்) நாச்சிமுத்து