மலைக்குப் பயந்தவர்

மேடையில் தலைமை தாங்கும் தலைமைப் பொறியாளர் அவர்களே, மருத்துவர் அவர்களே, முன்வரிசையில் மகளோடு அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, இரண்டு ஷிஃப்டிலிருந்தும் குளித்து உடை மாற்றி வந்திருக்கும் என் தோழர்களே, வணக்கம்.

நான் பாறையில் துளை போடும் டிரில்லிங் ஃபோர்மேன். எனக்கு மேடைப் பேச்சு வராது. ஆனாலும், மறைந்த நம் நிலவியலாளரோடு சுரங்கப்பாதைக்குள் கடைசியாக நின்றவன் நான். நான் பேசாமல் யார் பேசுவது?

அவருக்கு நாம் வைத்த பெயர் என்ன? அவர் மனைவி, நம் அண்ணி மன்னிக்க வேண்டும். ‘பயந்தாங்கொள்ளி சார்’. அது அவருக்கும் தெரியும். ஒருமுறை கேன்டீனில் என்னிடமே கேட்டார்: “பேரு வச்சதுதான் வச்சீங்க, கொஞ்சம் சின்னதா வச்சிருக்கலாமே? கூப்பிடறதுக்குள்ள பாறை விழுந்துடும்.”

அன்றைக்குத்தான் மேசை மேல் கிடந்த விரிப்பை இரண்டு கையாலும் இரண்டு பக்கத்திலிருந்து தள்ளிக் காட்டினார். விரிப்பு மடிந்து மேலே எழுந்தது. “இதுதான் மலை. ரெண்டு நிலம் ஒண்ணையொண்ணு நெருக்குது. தாங்குற வரைக்கும் மடியும். தாங்கலைன்னா கிழியும். அந்தக் கிழிசலைத்தான் பிளவுன்னு சொல்றோம். கிழிஞ்ச இடத்துல பாறை மாவா அரைஞ்சு கிடக்கும். நம்ம சுரங்கப்பாதை அது வழியாத்தான் போகுது.”

“எப்பவோ கிழிஞ்சது, இப்ப என்ன சார்?” என்று கேட்டேன்.

“மலை கட்டி முடிஞ்சதுன்னு உங்ககிட்ட யாரு சொன்னா? இன்னும் வேலை நடந்துக்கிட்டிருக்கு.”

தோழர்களே, அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான்கு ஆண்டுகள் அவர் நமக்குச் செய்த பணி அதுதான். நம்மை நிம்மதியாகத் தூங்க விடவில்லை.

போன மாதம், செவ்வாய்க்கிழமை. சுரங்கப்பாதையின் முனையில், நாம் குடையும் பாறை முகத்தில் கசிந்த தண்ணீர் கலங்கி வந்தது. வேலையை நிறுத்தச் சொன்னார். அத்தனை பேரும் வெளியே வந்தோம். புதன்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார்கள். “தெரியாது” என்றார். தெரியாது என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! நாம் என்ன செய்தோம்? சீட்டாடினோம். அவரை வைத்துச் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஷிஃப்ட் இறங்கலாம் என்று உத்தரவு வந்தது. “அரை மணி நேரம் கொடுங்க, முதல்ல நான் போய்ப் பாத்துட்டு வந்துடறேன்” என்றார். விளக்கைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன்.

கசிவு பாதியாகக் குறைந்திருந்தது. தண்ணீர் பளிங்கு மாதிரி தெளிந்திருந்தது. “சார், சரியாயிடுச்சு” என்றேன். அவர் பாறை இடுக்கிலிருந்து கொஞ்சம் களிமண்ணைக் கிள்ளி முன்பல்லில் வைத்துக் கடித்தார். மணல் என்றால் நறநறக்கும். அது நறநறக்கவில்லை. வெண்ணெய் மாதிரி இருந்திருக்கிறது. துப்பினார்.

“தண்ணி குறைஞ்சா சந்தோஷப்படாதீங்க. உள்ள எங்கேயோ அடைச்சுக்கிட்டு நிக்குது. இந்தக் களிமண்ணுக்குப் பின்னால எவ்வளவு நிக்குதுன்னு யாருக்குத் தெரியும்?”

பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

“போன் இருக்கிற இடத்துக்குப் போங்க. யாரையும் உள்ள விடக் கூடாதுன்னு சொல்லுங்க. ஓடாதீங்க, தடுக்கி விழுந்துடுவீங்க. வேகமா நடங்க.”

“நீங்க?”

“தண்ணி அளவைக் குறிச்சுக்கிட்டுப் பின்னாலயே வரேன்.”

இருநூறு மீட்டர் நடந்தேன். போனை எடுத்தேன். “யாரும் வராதீங்க” என்றேன். அப்போதுதான் கேட்டது. வெடிச்சத்தம் இல்லை, தோழர்களே. யாரோ பெரிதாக மூச்சு விட்டது போல ஒரு சத்தம். பிறகு காற்று. பிறகு விளக்குகள் அணைந்தன. நான் ஓடினேன். சேறு என் முழங்காலைத் தொட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. இன்றுவரை கண்ணை மூடினால் அந்தக் காற்று முதுகில் அடிக்கிறது.

வாயிலில் ஐம்பத்தெட்டுப் பேர் தலைக்கவசத்தோடு உள்ளே இறங்க நின்றிருந்தீர்கள். உங்கள் முகங்களைப் பார்த்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்பதாவது நாள்தான் அவரை எடுத்தோம். அதன் பிறகு அண்ணி வீட்டுக்குப் போனேன். திரும்பிப் பார்க்காமல் ஓடி வந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொன்னேன். அண்ணி கேட்டார்கள்: “அவரு சொல்லச் சொன்னதை போன்ல சொல்லிட்டீங்களா?”

“சொல்லிட்டேன் அண்ணி.”

“அப்ப சரி. சாப்பிட்டீங்களா?”

இதற்கு மேல் அவரைப் பற்றிப் புகழ்ந்து பேச என்ன இருக்கிறது?

தலைமைப் பொறியாளர் அவர்களே, திங்கட்கிழமை வேலை தொடங்குவதாக அறிவிப்புப் பலகையில் பார்த்தோம். எங்கள் நிபந்தனைகளை எழுதிய ஒரு தாளை உங்கள் முன்னால் வைக்கிறேன். பாறைக்குள் முப்பது மீட்டர் ஆழத்துக்கு முன்கூட்டியே துளை போட்டுத் தண்ணீரை வடித்துப் பார்க்காமல் எவரும் பாறை முகத்தைக் குடையப் போகமாட்டார்கள். புதிய நிலவியலாளர் வந்து நிறுத்து என்றால், ஏன் என்று கேட்காமல் நிறுத்துவோம். அந்தத் துளையைப் போட நான் முதலில் உள்ளே போகிறேன். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, மறைக்கவில்லை. அன்று வாயிலில் நின்ற ஐம்பத்தெட்டுப் பேரோடு நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

படித்துப் பாருங்கள் ஐயா. அவசரமில்லை. நீங்கள் பதில் சொல்லும் வரை நாங்கள் இங்கேயே உட்கார்ந்திருக்கிறோம்.